வரைபட லைப்ரரியில் பிழை திருத்துவது ஏன் இரண்டு வரி வேலை இல்லை

இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளில் பிழை ஒன்று கண்ணில் படுகிறது. தேடிப் பார்த்தால், அதே பிழையை யாரோ சில வருடங்களுக்கு முன்பே தெரிவித்திருக்கிறார்கள். இன்னும் அப்படியே இருக்கிறது. "இரண்டு வரி மாற்றினால் முடிகிற வேலைக்கு இவ்வளவு இழுபறியா?" என்று உடனே தோன்றும். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களைப் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வரும் குறை இது. சில சமயம் நியாயமான குறையும்கூட. ஆனால் பெரும்பாலும் இதற்குக் காரணம், பிழை திருத்துவது என்றால் என்ன என்பதைப் பற்றி நமக்குள் இருக்கும் தவறான கற்பனை.

நிரலில் எங்கோ ஒரு வரி தப்பு, அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அந்தக் கற்பனை. எண்களைக் கோடாகவும் புள்ளியாகவும் வரைபடமாக்கித் தரும் லைப்ரரிகளில், அதாவது மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் பயன்படுத்துவதற்காக எழுதிவைத்த நிரல் தொகுப்புகளில், நிலைமை கிட்டத்தட்ட தலைகீழ். தப்பான வரி பல நேரம் சீக்கிரமே அகப்பட்டுவிடும். அதைத் திருத்தினால் யாருடைய படம் மாறும், மாறியது அவர்களுக்குத் தெரியவருமா, தெரியாமலே போய்விடுமா என்பதுதான் நாட்களையும் மாதங்களையும் தின்னும் கேள்வி. அது எப்படி என்று இங்கே பார்க்கலாம். உதாரணங்களுக்கு பைத்தான் மொழியில் பரவலாகப் பயன்படும் மேட்பிளாட்லிப் என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்கிறேன். நிரல் எழுதிப் பழக்கம் இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

## எல்லோரும் நகல் எடுக்கும் அளவுகோல்

பெரிய தச்சுப் பட்டறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்யும் எல்லோரும் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே அளவுகோலை நகல் எடுத்துத்தான் மரம் அறுக்கிறார்கள். பல வருடம் கழித்து ஒருவர் கவனிக்கிறார்: முப்பதாவது கோடு மயிரிழை தள்ளி இருக்கிறது. தப்புதான், சந்தேகமே இல்லை. சரி, திருத்திவிடலாமா?

திருத்தினால் நாளைக்குச் செய்யும் கதவு சரியான அளவில் வரும். ஆனால் நேற்று வரை செய்த நிலைகள் எல்லாம் பழைய கோட்டைப் பார்த்து அறுத்தவை. புதுக் கதவு அவற்றில் உட்காராது. இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கோடு தள்ளியிருப்பதை அவர்கள் எப்போதோ கண்டுகொண்டு, ஒவ்வொரு தடவையும் மயிரிழை குறைத்தே அறுத்துப் பழகிவிட்டார்கள். கோட்டைச் சரியாக்கினால், இதுவரை சரியாக வந்த அவர்கள் வேலை இனிமேல்தான் தப்பாகும்.

வரைபட லைப்ரரியைப் பராமரிப்பவர்கள் உட்கார்ந்திருப்பது அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான். நகல் எடுத்தவர்கள் யார், எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

## லைப்ரரி எப்படிப் படம் வரைகிறது

லைப்ரரி என்பது, மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் கூப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்வதற்காக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. ஓர் ஆய்வாளர் தன்னிடம் உள்ள வெப்பநிலை அளவுகளைக் கோடாக வரைந்து பார்க்க நினைத்தால், ஒவ்வொரு புள்ளியும் திரையில் எங்கே விழ வேண்டும் என்று அவரே கணக்குப் போட வேண்டியதில்லை. இந்த எண்களை வரை என்று லைப்ரரியிடம் சொன்னால் போதும்.

மேட்பிளாட்லிப்பைத் தொடங்கியவர் ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்அலைப் பதிவுகளைப் பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அப்படி உருவாகி 2003-இல் வெளியானது இந்த லைப்ரரி. 2019-இல் வெளியிடப்பட்ட கருந்துளையின் முதல் படத்துக்குப் பின்னால் இருந்த மென்பொருள்களில் இதுவும் ஒன்று. ஒரு தனி ஆய்வாளரின் தேவைக்காக எழுதிய நிரல், அறிவியலின் பல துறைகளில் அன்றாடப் பொருளாகிவிட்டது.

உள்ளே நடப்பதை மூன்று கட்டமாகப் பார்க்கலாம். முதலில், நாம் கொடுக்கும் தேதிகள், பெயர்கள், அளவுகள் எல்லாம் வெறும் எண்களாக மாறுகின்றன. அடுத்து வருவது இடம் பார்க்கும் கணக்கு: அச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, 25 என்ற மதிப்பு இடமிருந்து எத்தனையாவது பிக்சலில் விழும், அச்சில் எந்தெந்த எண்களைக் குறிக்கலாம். கடைசியில், 'இங்கிருந்து இதுவரை ஒரு கோடு, இந்த இடத்தில் இந்த எழுத்து' என்ற கட்டளைகள் உண்மையான படமாகின்றன. இந்தக் கடைசி வேலையைச் செய்யும் பகுதியின் பெயர் பேக்எண்ட்.

மேட்பிளாட்லிப்பில் பேக்எண்ட்கள் பல. பிக்சல் படத்துக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று, எஸ்விஜி என்ற கோட்டு வடிவப் படத்துக்கு ஒன்று, திரையில் ஜன்னல் திறந்து காட்டுவதற்குத் தனியாகச் சில. ஒரே கட்டளையை ஒவ்வொன்றும் தன் வழியில் நிறைவேற்றும். ஒரு பிக்சல் அகலமுள்ள மெல்லிய கோட்டை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி அது இரண்டு பிக்சல்களுக்கு நடுவே விழுந்தால், பிக்சல் படத்தில் இரண்டிலும் பாதிப் பாதி படிந்து மங்கலான சாம்பல் பட்டையாகத் தெரியும். அதனால் பிக்சல் படம் வரையும் பேக்எண்ட், கோட்டைக் கொஞ்சம் நகர்த்தி ஒரே பிக்சலில் உட்கார வைக்கிறது. பிடிஎஃப்பில் பிக்சலே கிடையாது, அங்கே நகர்த்தத் தேவையில்லை. "திரையில் கோடு அரைப் பிக்சல் தள்ளித் தெரிகிறது, பிடிஎஃப்பில் சரியாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதினால், அனுபவப்பட்டவர்கள் முதலில் இந்த நகர்த்தலைத்தான் சந்தேகிப்பார்கள்.

இதுவரை: லைப்ரரி நம் தரவை எண்ணாக்கி, எண்ணை இடமாக்கி, இடத்தைப் படமாக்குகிறது. பிழை இந்த மூன்றில் எங்கேயும் ஒளிந்திருக்கலாம். எங்கே இருந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றுதான், படம் சரியில்லை.

## தொடாமல் விட்டால் அப்படியே ஓடாதா?

ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரல் முழுவதும் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது, உரிம விதிகளுக்கு உட்பட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று பொருள். அந்த நிரலில் வரும் மாற்றங்களைப் படித்துப் பார்த்து, ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் பொறுப்பில் இருப்பவர்கள் பராமரிப்பாளர்கள். மேட்பிளாட்லிப்பில் பலர் இதைத் தங்கள் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். 2012-இல் ஜான் ஹண்டர் காலமான பிறகும் லைப்ரரி நின்றுவிடவில்லை என்றால், அதற்குக் காரணம் இவர்கள். நம்ஃபோகஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதுபோன்ற அறிவியல் மென்பொருள்களுக்கு நிதியையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்ள உதவுகிறது.

பராமரிப்பு என்றதும் புது வசதிகள் சேர்ப்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் "நன்றாக ஓடுகிற ஒன்றை ஏன் தொட வேண்டும்?" என்ற கேள்வியும் வருகிறது. லைப்ரரியை யாரும் தொடாமல் விட்டாலும், அதற்கு அடியில் இருப்பவை மாறிக்கொண்டே இருக்கின்றன. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்பே, 2018-இல் வந்த மேட்பிளாட்லிப் 3.0, பைத்தான் 3-இல் மட்டுமே ஓடும்படி வெளியானது. எண்களின் அணிகளை, அதாவது வரிசைகளை, கையாளும் நம்பை என்ற லைப்ரரி இதற்கு அஸ்திவாரம். அதன் 2.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தபோது, பழைய நம்பையோடு சேர்த்துத் தொகுத்த (கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய) லைப்ரரிகளை மறுபடி தொகுத்தால்தான் புதியதோடு ஓடும் என்ற நிலை. இயங்குதளங்கள் மாறுகின்றன, திரைகளின் அடர்த்தி மாறுகிறது, ஜன்னல் திறக்கும் கருவிகள் புதுப் பதிப்புக்குப் போகின்றன.

இவை ஒவ்வொன்றுக்கும் யாராவது உட்கார்ந்து ஈடுகொடுத்தால்தான் நேற்று வந்த படம் இன்றும் அதேபோல் வரும். இந்த வேலை சரியாக நடந்தால் வெளியே எதுவும் தெரியாது. அதனாலேயே இதற்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

## எது பிழை, எது பிழை போலத் தெரிவது?

பயனர் ஒருவர் பிழையைத் தெரிவிக்க எழுதும் குறிப்புக்கு இஷ்யூ என்று பெயர். இஷ்யூ வந்தவுடன் முதல் வேலை, இது உண்மையிலேயே பிழையா என்று பார்ப்பது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. இரண்டு உதாரணங்களைப் பார்த்தால் ஏன் அப்படி இல்லை என்று புரியும்.

முதல் உதாரணம் நினைவகம். ஒருவர் நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாக வரைந்து சேமிக்க ஒரு சுழற்சி எழுதுகிறார். போகப் போக கணினியின் நினைவகம் நிரம்பி எல்லாம் மந்தமாகிறது. லைப்ரரி நினைவகத்தை வீணாக்குகிறது என்று அவர் எழுதுகிறார். உள்ளே நடப்பது வேறு. மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் என்ற பகுதி, திறந்த படங்கள் ஒவ்வொன்றையும் நாம் மூடச் சொல்லும்வரை கையில் வைத்திருக்கும். பிறகு திரும்பி வந்து அதே படத்தில் இன்னொரு கோடு சேர்க்க நினைக்கலாம் அல்லவா, அதற்காகத்தான். திரையில் பார்த்துப் பார்த்துப் படம் வரைபவருக்கு இது வசதி. சுழற்சி எழுதியவருக்கு இது தொல்லை. இங்கே திருத்துவதற்குத் தப்பான வரி எதுவும் இல்லை. அதற்குப் பதில், ஒரே நேரத்தில் இருபதுக்கு மேல் படங்கள் திறந்திருந்தால் லைப்ரரி ஓர் எச்சரிக்கை கொடுக்கிறது. யாருடைய படமும் மாறவில்லை, சிக்கியவருக்கு வழியும் தெரிகிறது. நல்ல திருத்தத்துக்கு இதை நான் முன்மாதிரியாகவே சொல்வேன்.

இரண்டாவது உதாரணம் எழுத்து. படத்தின் தலைப்பைத் தமிழில் எழுதினால் வெறும் கட்டங்கள் வருகின்றன என்பது பலர் சந்தித்த சிக்கல். மேட்பிளாட்லிப் கூடவே கொண்டுவரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையாது, அதனால்தான் கட்டங்கள். தமிழ் எழுத்துரு ஒன்றைக் காட்டிக்கொடுத்தால் கட்டங்கள் போய்விடும். ஆனால் அப்புறம் இன்னொன்று தலைகாட்டும்: 'கெ' என்ற எழுத்தில் கொம்பு, ககரத்துக்கு இடப்பக்கம் வராமல் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்.

இது எழுத்துருவின் குற்றம் இல்லை. கணினியின் சேமிப்பில் முதலில் ககரம், அடுத்து கொம்பு என்றுதான் வரிசை. காட்டும்போது இடம் மாற்றி அடுக்குவது தனி வேலை. தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு அந்த அடுக்கும் வேலையைச் செய்ய வடிவமைப்பு இயந்திரம் என்ற ஒரு பகுதி வேண்டும். மேட்பிளாட்லிப் நீண்ட காலம் அது இல்லாமல், வந்த வரிசையிலேயே எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்து வந்தது. ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது.

பயனரின் கண்ணுக்கு இரண்டும் 'தமிழ் வரவில்லை' என்ற ஒரே பிழைதான். உள்ளே பார்த்தால் ஒன்று லைப்ரரியின் அமைப்பில் எழுத்துருவின் பெயரை மாற்றுவதோடு தீர்ந்துவிடும். மற்றது எழுத்துகளை அடுக்கும் முறையையே மாற்ற வேண்டிய பெரிய வேலை. அப்படி மாற்றினால் லைப்ரரி உருவாக்கும் எல்லாப் படங்களின் எழுத்துகளும் இம்மியாவது நகரக்கூடும். அந்த இம்மி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சோதனைகளைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

சுருக்கமாக: ஒரே மாதிரி தெரியும் இரண்டு குறைகளுக்குக் காரணம் வெவ்வேறாக இருக்கலாம். சிலவற்றில் தப்பே இருக்காது, விளக்கம்தான் குறையும். இதைப் பிரித்தறிவதற்கே பராமரிப்பாளர்களின் நேரத்தில் பெரும் பங்கு போகிறது.

## பிழையைத் துரத்திப் பிடிப்பது

பிழைதான் என்று முடிவானால், அடுத்து அதைத் தன் கணினியிலும் வரவைக்க வேண்டும். வராத பிழையைத் திருத்த முடியாது. இதற்கு உதவுவது குறுமாதிரி, அதாவது பிழை தோன்றுவதற்குத் தேவையான வரிகள் மட்டும் உள்ள, வேறு கோப்பு எதையும் நம்பியிராத சின்ன நிரல். முந்நூறு வரி நிரலையும் தரவுக் கோப்பையும் அனுப்பினால் பார்ப்பவர் பாதி நாள் அதைப் புரிந்துகொள்வதிலேயே செலவழிப்பார். அதையே எட்டு வரியாகக் குறைத்து அனுப்பினால் அவர் ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம். இப்படிக் குறைத்துக்கொண்டே வரும்போது, தப்பு தன் நிரலில்தான் இருந்தது என்று பயனரே கண்டுகொள்வதும் அடிக்கடி நடக்கும்.

முன்பு சரியாக வந்தது, புதுப் பதிப்பில் கெட்டுவிட்டது என்ற வகைப் பிழைக்கு ரிக்ரெஷன் என்று பெயர். பராமரிப்பாளர்கள் மிகவும் அஞ்சும் வகை இது. ஆனால் பிடிப்பதற்கு வசதியான வகையும் இதுதான். நிரலின் ஒவ்வொரு மாற்றமும் கமிட் என்ற பதிவாக வரிசையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். சரியாக இருந்த பதிப்புக்கும் கெட்டுப்போன பதிப்புக்கும் நடுவே ஆயிரம் கமிட்கள் இருந்தாலும் ஆயிரத்தையும் பார்க்க வேண்டாம். நடுவில் உள்ளதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால் கேடு பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். திரும்ப அந்தப் பாதியின் நடு. இப்படி ஒவ்வொரு தடவையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் பத்தே சோதனைகளில் குற்றவாளி கமிட் கிடைத்துவிடும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை இதைச் செய்து தருகிறது.

ஆரம்பத்தில் சொன்னது இங்கேதான் உண்மையாகிறது. தப்பான வரி கிடைத்துவிட்டது. அதை ஏன் அப்படி மாற்றினார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் இன்னொரு பிழையைத் திருத்தத்தான் மாற்றியிருப்பார்கள். பழையபடி ஆக்கினால் அந்தப் பழைய பிழை திரும்ப வரும். இரண்டையும் சேர்த்துத் தீர்க்க ஒரு வழி வேண்டும்.

## படத்தை எப்படிச் சோதிப்பது?

கூட்டல் செய்யும் நிரலைச் சோதிப்பது சுலபம்: இரண்டும் மூன்றும் கொடுத்தால் ஐந்து வருகிறதா என்று பார்க்கலாம். வரைபடத்தின் விடை ஒரு படம். அது சரியா என்று கணினி எப்படிச் சொல்லும்?

மேட்பிளாட்லிப் கையாளும் முக்கிய வழி படத்தைப் படத்தோடு ஒப்பிடுவது. ஒரு மனிதர் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்ட படத்தை நிரலோடு சேர்த்துச் சேமித்துவைக்கிறார்கள். அதை அடிப்படைப் படம் என்று சொல்லலாம். பிறகு யார் எந்த மாற்றம் செய்தாலும், சோதனை அதே படத்தைப் புதிதாக வரைந்து, அடிப்படைப் படத்தோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிடும். வித்தியாசம் அனுமதித்த அளவைத் தாண்டினால் சோதனை தோற்கும். எங்கே மாறியிருக்கிறது என்று காட்டும் மூன்றாவது படம் ஒன்றையும் உருவாக்கிக் கொடுக்கும். பார்வைக்குத் தெரியாத நகர்வுகூட இதில் மாட்டிக்கொள்ளும்.

வலு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சிக்கலும். படத்தில் எழுத்துகள் உண்டு. எழுத்துகளின் வளைவுகளைப் பிக்சலாக்கித் தருவது ஃப்ரீடைப் என்ற வேறொரு லைப்ரரி. அதன் பதிப்பு மாறினால் எழுத்து ஒவ்வொன்றின் ஓரமும் இம்மி மாறும். மனிதக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எழுத்துள்ள சோதனைகள் எல்லாம் கொத்தாகத் தோற்கும். அதனால்தான் மேட்பிளாட்லிப் பல வருடங்களுக்கு ஃப்ரீடைப்பின் 2.6.1 பதிப்பையே பூட்டிவைத்துச் சோதனைகளை ஓட்டிவந்தது. புதிய பதிப்புக்குப் போவதென்றால் அடிப்படைப் படங்களையும் மொத்தமாக மாற்ற வேண்டும். மாற்றிய ஒவ்வொரு படத்தையும் யாராவது பார்த்து, மாறியது எழுத்தின் ஓரம் மட்டும்தான், வேறெதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பழைய படங்களும் கிட்டின் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடுவதால், நிரலைப் பதிவிறக்கும் ஒவ்வொருவருக்கும் சுமை கூடும். கொம்பு தப்பான பக்கம் விழும் சிக்கலுக்கு வடிவமைப்பு இயந்திரத்தைப் புகுத்துவதும் இதே மலையைத்தான் ஏற வேண்டியிருந்தது.

சிப்பின் வகையும் விளையாடும். தசமக் கணக்கின் கடைசி இலக்கம் ஒரு வகைச் செயலியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் முடியலாம். அதனால் சில சோதனைகளில் அனுமதிக்கும் வித்தியாச அளவைச் செயலிக்கு ஏற்ப மாற்றிவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சுமையைக் குறைத்துச் சோதிக்கவும் வழி தேடியிருக்கிறார்கள். ஒரே படத்தை இரண்டு வேறு வழிகளில் வரைந்து, இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. அங்கே எதையும் சேமிக்க வேண்டாம், ஃப்ரீடைப் மாறினாலும் இரண்டும் சேர்ந்தே மாறும். இன்னொரு வழி, சோதனைக்குத் தேவையில்லாத எழுத்துகளைப் படத்திலிருந்து நீக்கிவிடுவது. இதெல்லாம் அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட நுட்பங்கள், எனக்கு மிகவும் பிடித்தவையும்கூட.

இந்தப் பகுதியின் சாரம்: நிரலில் சின்ன மாற்றம் என்றாலும், படத்தில் அது எங்கெங்கே தொடுகிறது என்பதைச் சோதனைகள் காட்டிக்கொடுக்கின்றன. காட்டியதில் எது வேண்டிய மாற்றம், எது வேண்டாதது என்று பிரிப்பது மனிதர்களின் வேலை.

## தேதிகளுக்குள் ஒளிந்திருந்த பத்து மைக்ரோநொடி

அளவுகோலின் கோட்டை உண்மையிலேயே நகர்த்திய ஒரு நிகழ்வைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பிழை திருத்துவதில் இருக்கும் எல்லாச் சங்கடங்களும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

வரைவதற்கு முன் தேதிகளும் எண்களாகின்றன என்று பார்த்தோம். மேட்பிளாட்லிப் தேதியை நாள் கணக்காக மாற்றுகிறது. மணி, நிமிடம், நொடி எல்லாம் அந்த எண்ணின் தசமப் பகுதிக்குள் வரும். எண்ணத் தொடங்கும் நாளுக்குத் தொடக்கப் புள்ளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பழைய பதிப்புகளில் கி.பி. 1-ஆம் வருடம் ஜனவரி 1-ஆம் தேதியை 1 என்று வைத்து எண்ணினார்கள். பைத்தானின் சொந்த நாள்எண்ணும் அப்படித்தான் என்பதால் இயல்பான தேர்வு.

அந்தக் கணக்கில் இன்றைய தேதிகள் ஏழு லட்சத்துக்கு மேல் வரும். கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் 64 பிட் தசம எண்ணில் மொத்தமே பதினைந்து, பதினாறு இலக்கங்களைத்தான் நம்பலாம். தசமப் புள்ளிக்கு முன்னாலேயே ஆறு இலக்கம் போய்விட்டால் பின்னால் மிஞ்சுவது பத்து சொச்சம். நாளை அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தால் கிடைக்கும் மிகச் சிறிய துண்டு ஏறக்குறைய பத்து மைக்ரோநொடி. அதைவிட நெருக்கமான இரண்டு நேரங்களை லைப்ரரியால் பிரித்துப் பார்க்க முடியாது. வருட, மாதக் கணக்கில் வரைபவருக்கு இது தெரியவே தெரியாது. மைக்ரோநொடிக்கு ஒரு முறை அளக்கும் கருவியின் தரவை வரைபவருக்கோ, புள்ளிகள் படிக்கட்டுகளாகக் குவிந்து தெரியும்.

தீர்வு எளிது: எண்ணத் தொடங்கும் நாளைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் போதும். 2020-இல் வெளியான 3.3 பதிப்பில் தொடக்கப் புள்ளி 1970 ஜனவரி 1 ஆனது. யூனிக்ஸ் கணினிகளும் நம்பையும் ஏற்கெனவே பயன்படுத்தும் நாள் அது. இப்போது இன்றைய தேதிகள் இருபதாயிரத்தை ஒட்டிய எண்களாகிவிட்டன, மிச்சமான இலக்கங்கள் தசமப் பகுதிக்குப் போயின, மைக்ரோநொடியும் பிரிந்து தெரிகிறது.

மாற்றத்தின் மையம் ஒரே ஒரு தேதி. ஆனால் பழைய எண்களைக் கோப்பில் சேமித்துவைத்தவர்கள் இருப்பார்கள். தேதியைத் தேதியாகக் கொடுக்காமல் ஏழு லட்சத்துச் சொச்சம் என்று நேரடியாக எண்ணை எழுதிவைத்தவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய நிரல் புதுப் பதிப்பில் முறியாது, எந்த எச்சரிக்கையும் வராது. புள்ளிகள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்துக்கும் மேல் தள்ளிப்போய் எங்கோ விழும். நிரல் முறிந்தால் உடனே தெரியும். இப்படி அமைதியாகத் தப்பாவதுதான் ஆபத்து. அதனால் பழைய தொடக்கப் புள்ளிக்கே திரும்ப ஓர் அமைப்பையும் கொடுத்தார்கள், மாற்றத்தை வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதினார்கள். அந்தக் குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் நமக்கு இருந்தால் எவ்வளவோ நல்லது.

## பழசை எப்படி விடுவது?

தேதியின் கதையில் மாற்றம் ஒரே அடியில் நடந்தது. பெரும்பாலான மாற்றங்களில் அப்படிச் செய்வதில்லை. ஒரு வசதியை நீக்கவோ அதன் நடத்தையை மாற்றவோ முடிவு செய்தால், முதலில் அது பழையபடியே வேலை செய்துகொண்டே 'இது போகப்போகிறது, இதற்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள்' என்று எச்சரிக்கும். இந்த இடைக்காலத்துக்கு டெப்ரிகேஷன் என்று பெயர். மேட்பிளாட்லிப்பில் வழக்கமாக இரண்டு இடைப்பதிப்புகள் (பதிப்பு எண்ணின் நடு எண் கூடும் வெளியீடுகள்) கடந்த பிறகுதான் உண்மையில் நீக்குவார்கள். அதற்குள் நிரலை மாற்றிக்கொள்ள மற்றவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஒரு திருத்தம் எழுதி முடித்து வருடம் கடந்தும் பழைய நடத்தை நீடிக்க இதுவும் ஒரு காரணம்.

அழகு சம்பந்தப்பட்ட மாற்றங்கள் இன்னும் கடினம். 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பு, இயல்பாக வரும் நிறங்களையும் தோற்றத்தையும் மாற்றியது. அதுவரை மதிப்புகளை நிறமாகக் காட்டும் படங்களில் ஜெட் என்ற வானவில் வரிசை இயல்பாக வந்தது. அதில் வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. நடுவில் மஞ்சளும் வெளிர்நீலமும் பளிச்சென்று தெரிவதால், தரவில் இல்லாத எல்லைகள் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். அறிவியல் படம் தன்னை அறியாமல் பொய் சொல்வதற்குச் சமம். அதற்குப் பதில் வந்த விரிடிஸ் வரிசையில் வெளிச்சம் சீராகக் கூடும், கருப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஏற்ற இறக்கம் புரியும். நிரல் கணக்காகப் பார்த்தால் ஜெட்டில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் அந்த லைப்ரரியில் நடந்த மிக முக்கியமான பிழைத்திருத்தம் இதுதான். பழைய தோற்றம் தேவைப்படுபவர்களுக்கு கிளாசிக் என்ற பெயரில் அது இன்னும் கிடைக்கிறது.

## அந்த இரண்டு வரி கடந்துபோகும் வழி

இப்போது, ஒருவர் திருத்தத்தை எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஏற்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கைக்குப் புல் ரெக்வெஸ்ட் என்று பெயர். வந்ததும் லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று வெவ்வேறு இயங்குதளங்களில், வெவ்வேறு பைத்தான் பதிப்புகளில் சோதனைகள் தானாக ஓடும். திருத்தத்தோடு புதுச் சோதனை ஒன்றும் கேட்பார்கள்: திருத்தாத நிரலில் தோற்க வேண்டும், திருத்திய நிரலில் ஜெயிக்க வேண்டும். இது இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு யாரோ செய்யும் மாற்றம் அதே பிழையைச் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவரலாம். நிரல் மாற்றமென்றால் வழக்கமாக இரண்டு பராமரிப்பாளர்கள் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் "இதே தப்பு இன்னொரு பேக்எண்டிலும் இருக்குமே?" என்று கேட்டால் வேலை இன்னொரு சுற்று போகும்.

ஏற்ற திருத்தம் முதலில் அடுத்த பெரிய பதிப்புக்கான கிளையில், அதாவது அதற்காகத் தனியாக வளரும் நிரல் நகலில், சேரும். இப்போது புழக்கத்தில் உள்ள பதிப்புக்கும் அது தேவை என்றால், அந்தக் கிளைக்கும் நகல் எடுத்துச் சேர்ப்பார்கள். பேக்போர்ட் என்பது இதைத்தான். 3.8.0 என்பது 3.8.1 ஆவதுபோல் கடைசி எண் மட்டும் கூடும் பதிப்புகளில் பெரும்பாலும் இப்படி வந்த திருத்தங்களே இருக்கும். புது வசதிகளை அவற்றில் சேர்ப்பதில்லை, அதனால் அவற்றுக்குத் தயங்காமல் மாறலாம்.

நீங்கள் ஒரு பிழையைக் கண்டால், புதிய பதிப்பிலும் அது வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எழுதும்போது குறுமாதிரி, வந்த படம், வர வேண்டியிருந்த படம், லைப்ரரியின் பதிப்பு எண், இயங்குதளம், எந்த பேக்எண்ட் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், பைசெக்டுக்கு ஒரு முனை கிடைத்துவிடும். நிரல் எழுத வரும் என்றால், புதியவர்களுக்கு ஏற்றது என்று அடையாளமிட்ட இஷ்யூக்களை அங்கேயே தனியாகப் பார்க்கலாம். நிரல் வராவிட்டாலும், வேறொருவர் தெரிவித்த பிழையின் குறுமாதிரியை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, இங்கே வருகிறது, இந்தப் பதிப்பில் வரவில்லை என்று ஒரு வரி எழுதுவதே பராமரிப்பாளருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.